கசிகிறவர் மேல் கோபம் வேண்டாம்

பொதுக்காலம் 13ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு
சாலமோனின் ஞானம் 1:13-15. 2:23-24 | 2 கொரிந்தியர் 8:7,9,13-15 | மாற்கு 5:21-43



நம் விருத்தாசலத்திலிருந்து கிளம்பி எந்தச் சாலையில் போனாலும், ஓரங்கட்டி நிற்கும் ஜேசிபி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். மண் அள்ளும் கை பாதி வழியில் நின்றிருக்கும். ஹோஸ் இணையும் இடத்தில் ஆயில் கசிந்து, புழுதி ஒட்டி, கறுப்பாகப் பிசுபிசுத்துக் கிடக்கும். அடியில் ஒருவர் படுத்திருப்பார். அவருடைய கால்கள் மட்டும்தான் நமக்குத் தெரியும். பஸ்ஸில் போகிற நாம் அதற்கு மேல் பார்ப்பதில்லை.

இன்றைய நற்செய்தியை அந்த மனிதரோடு சேர்ந்து கேட்க ஆசைப்படுகிறேன். உங்களில் பலர் வீட்டில் அடுப்பு எரிவது அந்த வேலையால்தான். செராமிக் பட்டறையில் களிமண் கூழைப் பிழிந்து தண்ணீரை வடிக்கும் ஃபில்டர் பிரஸ்ஸைப் பார்த்துக்கொள்கிறவர், மண் ஏற்றிவரும் டிப்பர் லாரியை ஓட்டுகிறவர், நெய்வேலிச் சுரங்கத்துக்கு ஷிப்டு போய் வருகிறவர் என்று, அழுத்தத்தோடு பழகிப் பிழைக்கிறவர்கள் இந்தக் கோவிலில் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

இந்த இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு விதி இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த பிளேஸ் பாஸ்கல் அதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். மூடிய கலத்துக்குள் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் போய்ச் சேரும். இதை வைத்துத்தான் 1795இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். பஞ்சர் கடையில் ஒருவர் ஜாக்கியின் கம்பியை ஒற்றைக் கையால் அடித்து அடித்தே லாரியைத் தூக்கிவிடுகிறாரே, அதுவும் இதே விதிதான்.

நம் பக்கத்தில் பூமியே இப்படித்தான் அமைந்திருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் தரை தாங்கும். ஞாயிற்றுக்கிழமை என்று அந்தப் பம்புகள் நிற்பதில்லை. நாம் இங்கே அமர்ந்திருக்கும் இந்த நேரத்திலும் யாரோ ஒருவர் அவற்றைக் கவனித்துக்கொண்டிருப்பார். திருப்பலிக்கு வர முடியாத அவரையும் நினைத்துக்கொள்வோம்.

சகோதரர்களே, சகோதரிகளே, எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் என்றால் கசிவது மட்டும் ஏன் ஓரிடத்தில்? தடித்த எஃகுக் குழாயும் அதே அழுத்தத்தைத்தான் தாங்குகிறது. இணைப்பை அடைக்கும் மெல்லிய ரப்பர் ஓ-ரிங் சீலும் அதே அழுத்தத்தைத்தான் தாங்குகிறது. எது மென்மையானதோ அது முதலில் கசிகிறது. உடனே நாம் அதைத் திட்டுகிறோம். சீல் சரியில்லை, மாற்று என்கிறோம். மாற்றுகிறார்கள். பத்து நாளில் மறுபடியும் ஆயில் சொட்டுகிறது.

வேலை தெரிந்த மெக்கானிக், கழற்றிய சீலைத் தூக்கி எறிந்துவிட மாட்டார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதில் கீறல் இருந்தால், சிலிண்டர் ராடில் கோடு விழுந்திருக்கிறதா என்று தேடுவார். வெந்து கெட்டியாகிப் போயிருந்தால், ஆயில் ஏன் இவ்வளவு சூடாகிறது என்று யோசிப்பார். ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள், டேங்குக்கு மூச்சுவிடும் பிரீதர் வழியாகத் தூசி போகிறதா என்றெல்லாம் கேட்பார். கடைசியாக ரிலீஃப் வால்வைப் பார்ப்பார். அழுத்தம் அளவு மீறும்போது எண்ணெய்க்கு வழிவிட்டு, அதை டேங்குக்கே திருப்பியனுப்பத்தான் அந்த வால்வு. இன்னும் கொஞ்சம் பலம் கிடைக்கட்டும் என்று அவசரத்தில் யாரோ அதை இறுக்கி வைத்துவிட்டுப் போயிருப்பார். அழுத்தம் காட்டும் கேஜில் முள் ஏறியதை இறுக்கியவர் பார்த்தார். உள்ளே சீல் படுகிற பாட்டை அவர் பார்க்கவில்லை.

நம் வீட்டில் கசிகிறவர் யார்? சாயங்காலம் ஆனதும் டாஸ்மாக் பக்கம் போய்விடுகிற அண்ணனா? எதற்கெடுத்தாலும் எரிந்துவிழுகிற அம்மாவா? பத்தாம் வகுப்புக்குப் பிறகு பேச்சே குறைந்துபோன பிள்ளையா? இந்த வீட்டில் இவரால்தான் நிம்மதி இல்லை என்று மற்றவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிடுகிறோம். ஆர்டர் வராத பட்டறை, வட்டிக்கு வாங்கிய கடன், பெரியவர்களின் மருந்துச் செலவு, மகளுக்கு வரன் அமையாத கவலை, எல்லாம் அந்த வீட்டில் இருக்கிற எல்லார் மேலும் இருக்கின்றன. ஒருவரிடம் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். வால்வை இறுக்கிய கை யாருடையது என்று என்றாவது கேட்டிருக்கிறோமா? இன்னும் பத்து மார்க், இன்னும் ஒரு மாடி, சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தை விடப் பெரிய கல்யாணம் என்று திருகிக்கொண்டே போனது நம் கைதானோ?

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். மனைவி மேல் கை நீட்டுகிறவருக்கு நான் சாக்குத் தேடித் தரவில்லை. பீய்ச்சியடிக்கும் ஹோஸுக்கு முன்னால் யாரையும் நிறுத்திவைத்துக்கொண்டு பழுதுபார்க்க முடியாது. அடிபடுகிற சகோதரியே, முதலில் நீங்கள் பாதுகாப்பான இடத்துக்கு வாருங்கள். எந்த நேரமானாலும் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது நற்செய்திக்கு வருவோம். இயேசுவைச் சுற்றிப் பெருங்கூட்டம். எல்லாப் பக்கமும் இடித்து நெருக்கிக்கொண்டு நடக்கிறார்கள். அதற்குள் ஒரு பெண். பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. மருத்துவர்களிடம் அலைந்து இருந்ததை எல்லாம் செலவழித்தும் நோய் முற்றியதுதான் மிச்சம் என்று மாற்கு எழுதுகிறார். லேவியர் நூலின் சட்டப்படி, அவள் உட்கார்ந்த பாயைத் தொட்டவர்கள்கூடத் தீட்டுப்பட்டவர்கள். பன்னிரண்டு ஆண்டுகள் அவளை யாரும் ஆறுதலாகத் தொட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் முன்னால் வந்து நிற்கப் பயந்து, பின்னால் வந்து, மேலுடையை மட்டும் தொடுகிறாள்.

அவளுடைய ஊரார் அவளிடம் கண்டது அந்தக் கசிவை மட்டும்தான். ஆண்டவர் என்ன செய்தார்? நின்றார்.

அவர் நின்றதைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். பக்கத்திலேயே யாயிர் நிற்கிறார், தொழுகைக்கூடத் தலைவர். அவருடைய மகள் சாகக் கிடக்கிறாள். ஒவ்வொரு நொடியும் அவருக்கு நெருப்பு. வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது மெஷினை நிறுத்தச் சொன்னால் என்ன நடக்கும் என்று பட்டறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். லாரி வாசலில் நிற்கிறது, இந்த லோடு போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். சீடர்களும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்கள். இவ்வளவு பேர் இடிக்கிறார்கள், தொட்டது யார் என்று கேட்கிறீரே என்றார்கள். ஆனாலும் இயேசு நின்றார், திரும்பினார், தேடினார். அவள் நடுங்கிக்கொண்டே வந்து விழுந்தபோது, உண்மை முழுவதையும் அவளைச் சொல்லவிட்டார். பன்னிரண்டு ஆண்டுக் கதையைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவளை மகளே என்று அழைத்தார். மாற்கு நற்செய்தி முழுவதிலும் இயேசு வேறு எந்தப் பெண்ணையும் அப்படி அழைக்கவில்லை.

இரத்தம் நின்றது அவள் தொட்ட நொடியிலேயே. சீல் மாற்றியதோடு வேலை முடிந்தது என்று அவர் போயிருக்கலாம். அவரோ அவளை எல்லார் முன்னிலையிலும் நிறுத்தி, மகள் என்று உறவு சொல்லி, சமாதானத்தோடு அனுப்பினார். ஊரார் மனதில் அவள் மேல் படிந்திருந்த பன்னிரண்டு ஆண்டு அழுக்கையும் சேர்த்துத்தான் அவர் எடுத்துப்போட்டார்.

யாயிரைப் போலக் காத்திருந்து மனம் ஒடிந்திருக்கிற தாய்மாரே, தகப்பன்மாரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. இன்னொருவருக்காக ஆண்டவர் நின்றதால் உங்கள் வீட்டுக்கு வர அவர் மறந்துவிடவில்லை. தாமதமாகிவிட்டது என்று எல்லாரும் சொன்ன பிறகும் அவர் அந்த வீட்டுக்குள் போனார். பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கையைப் பிடித்து எழுப்பினார். அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்றும் சொன்னார். எவ்வளவு பெரிய அருஞ்செயல் செய்தாலும், பிள்ளை பசியோடு இருக்குமே என்ற நினைப்பு அவரை விட்டுப் போகவில்லை.

முதல் வாசகம் இன்று நம்மைக் கொஞ்சம் கடினமாகவே தொடுகிறது. சாவைக் கடவுள் உண்டாக்கவில்லை, வாழ்வோரின் அழிவில் அவருக்கு மகிழ்ச்சியும் இல்லை என்று ஞானநூல் சொல்கிறது. வேலையில் ஒருவர் விபத்தில் இறந்துபோனால், துக்க வீட்டில் நாம் முதலில் சொல்வது கடவுள் சித்தம் என்பதுதான். ஆறுதலாக இருக்கட்டும் என்று நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் டிப்பரின் தொட்டியைத் தூக்கி நிறுத்தி, முட்டுக் கொடுக்காமல் அடியில் ஒருவரை வேலை செய்யவிட்டு, அது இறங்கி நசுக்கிவிட்டால், அது கடவுள் சித்தமா? ஓர் இரும்பு முட்டு அங்கே இருந்திருக்க வேண்டும். அது இல்லாததற்குக் கடவுளைப் பொறுப்பாக்கக் கூடாது.

தெரியாதவர்களுக்காக இதையும் சொல்கிறேன். மறையுரையில் இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளின் கைகள் எனக்கு முக்கியம். ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால், அதிலிருந்து வரும் ஆயில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் பெரிய வலியும் இருக்காது. துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். உள்ளே சதை அழுகத் தொடங்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலை, சில நேரம் கையையே எடுக்க வேண்டி வரும். அப்படி நேர்ந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அழுத்தத்தோடு ஆயில் உள்ளே போய்விட்டது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

நம் ஊரில் இன்னொரு ஆபத்தும் சத்தமில்லாமல் இருக்கிறது, தூசி. பீங்கானுக்கு வேண்டிய குவார்ட்ஸ் தூளும் களிமண்ணும் எவ்வளவு நுண்மையானவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். களிமண் துகள் 2 மைக்ரானுக்கும் குறைவு. ஹைட்ராலிக் பம்பின் உள்ளே உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளிதான். கண்ணுக்குத் தெரியாத தூசிதான் அங்கே புகுந்து பம்பைத் தேய்த்துத் தின்கிறது. அதனால்தான் புதிய டிரம்மிலிருந்து எடுக்கும் ஆயிலைக்கூட வடிகட்டித்தான் டேங்கில் ஊற்ற வேண்டும் என்று சொல்கிறார்கள். அதே குவார்ட்ஸ் தூசி மனித நுரையீரலில் புகுந்தால் சிலிகோசிஸ். முழுதாகக் குணமாக்க மருந்து கிடையாது. காசநோய் என்று நினைத்து வருடக்கணக்கில் தவறான மருந்து சாப்பிடுகிறவர்களும் உண்டு.

பட்டறை நடத்துகிற என் சகோதரர்களே, உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். கரண்ட் பில், கேஸ் விலை, வடநாட்டிலிருந்து வந்து குவியும் மலிவான சரக்கு, எல்லாவற்றோடும் போராடுகிறீர்கள். ஆண்டவர் முன்னிலையில் ஒன்றை மட்டும் கேட்கிறேன். பம்புக்கு ஃபில்டர் வாங்க நாம் தயங்குவதில்லை. கலவை கொட்டுகிற அந்த அக்காவுக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுத்தோமா? கூட்டுவதற்கு முன் தரையில் தண்ணீர் தெளிக்கச் சொன்னோமா? கடவுள் அழியாமைக்கென்று, தம்முடைய சாயலிலேயே படைத்த மனிதர் அவர்.

பாஸ்கலைப் பற்றிச் சொன்னேனே, அவருடைய விதியைத்தான் உலகம் எடுத்துக்கொண்டது. அவர் வாழ்ந்த விதம் பலருக்குத் தெரியாது. 39 வயதில் இறந்துபோனார். ஆயுள் முழுக்க நோயாளி. 1654 நவம்பர் 23ஆம் நாள் இரவில் அவர் கடவுளை ஆழமாக அனுபவித்தார். அதை ஒரு தாளில் எழுதி, சட்டையின் உட்புறத்தில் வைத்துத் தைத்துக்கொண்டார். அவர் இறந்த பிறகுதான் அது மற்றவர்கள் கண்ணில் பட்டது. 2023 ஜூன் 19ஆம் நாள், அவர் பிறந்த 400ஆம் ஆண்டு நிறைவில், திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் பற்றித் திருத்தூது மடல் ஒன்றே எழுதினார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய கடைசி மாதங்கள். 1662இல் ஓர் ஏழைக் குடும்பத்தைத் தம் வீட்டில் தங்கவைத்திருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது. பாஸ்கலோ படுத்த படுக்கை. அந்தக் குடும்பத்தை வேறிடத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்று யாராக இருந்தாலும் சொல்வார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைவது ஆபத்து, என்னைவிட அதற்குத்தான் இந்த இடம் தேவை என்று முடிவு செய்து, நோயாளியான அவரே தம் வீட்டைவிட்டுத் தம் அக்கா வீட்டுக்குப் போனார். அங்கேதான் இறந்தார். ஒரு வீட்டின் மேல் பாரம் விழும்போது எளியவர் மேல் அது இறங்காமல் தாம் நகர்ந்துகொண்ட மனிதர் அவர். இரண்டாம் வாசகத்தில் பவுல் கொரிந்து மக்களிடம் கேட்பதும் இதைத்தான். உங்களிடம் மிகுதியாக இருப்பது இல்லாதவரின் குறையை நிறைவாக்கட்டும் என்கிறார். நீங்கள் நெருக்கடிக்குள்ளாக வேண்டும் என்று கேட்கவில்லை, சமநிலை வேண்டும் என்கிறார். செல்வராயிருந்தும் நமக்காக ஏழையான ஆண்டவரைச் சுட்டிக்காட்டித்தான் அதைக் கேட்கிறார். இந்த மாதம் வேலையிழந்த குடும்பம் ஒன்று உங்கள் அன்பியத்தில் இருந்தால், அவர்கள் வந்து கேட்கட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

கடைசியாக, வீட்டில் சண்டை முடிந்து யாரும் யாரோடும் பேசாமல் இருக்கிறீர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜினை அணைத்ததும் ஹைட்ராலிக் வேலை பார்க்கிறவர் உடனே ஸ்பானரைக் கையில் எடுக்க மாட்டார். தூக்கி நிற்பதைத் தரையில் இறக்கி வைப்பார். லீவரை முன்னும் பின்னும் அசைத்துக் குழாய்க்குள் அடைபட்ட அழுத்தத்தை வெளியேற்றுவார். அழுத்தத்தைச் சேர்த்துவைக்கும் அக்குமுலேட்டர் இருந்தால் அதில் சேர்ந்திருப்பதையும் இறக்குவார். கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகே நட்டைத் தொடுவார். இன்ஜின் நின்றுவிட்டது என்பதால் உள்ளே அழுத்தம் இல்லை என்று நம்பியவர்கள் அடிபட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் சத்தம் நின்றிருக்கலாம். பேசித் தீர்க்கிறேன் என்று நெஞ்சில் இருக்கும் அத்தனையோடும் வாயைத் திறந்தால், எதிரில் இருப்பவருக்குத்தான் காயம்.

அந்தப் பெண் செய்தது போல, உண்மை முழுவதையும் முதலில் ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் அவசரப்படுத்த மாட்டார். பன்னிரண்டு ஆண்டுக் கதையாக இருந்தாலும் நின்று கேட்பார். ஒப்புரவு அருளடையாளத்தை அவர் நமக்கு விட்டுச் சென்றது இதற்காகத்தான். கசிந்ததற்காக அங்கே உங்களை யாரும் திட்டப்போவதில்லை. எங்கே கீறல் விழுந்தது, எவ்வளவு காலமாகச் சுமக்கிறீர்கள் என்று அவரோடு சேர்ந்து நானும் கேட்பேன், அவ்வளவுதான். சனிக்கிழமை மாலை முழுவதும் கோவிலில் அமர்ந்திருப்பேன். இரவு ஷிப்டு முடித்து வருகிறவர்கள் ஞாயிறு காலைத் திருப்பலிக்கு முன் வாருங்கள். குளித்து உடை மாற்றிக்கொண்டு வரலாம் என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள், போனால் அசதியில் தூங்கிவிடுவீர்கள். ஆயில் கறையோடு அப்படியே வாருங்கள்.